எவர்சில்வர் சிங்க்: சேலம், நாமக்கல் வட்டார வரலாறு

எவர்சில்வர் சிங்க் என்பது துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை அழுத்தி உருவாக்கி, சமையல் மேடையில் பதிக்கப்படும் கழுவுதொட்டி. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பாத்திரம் துலக்கும் வேலை வீட்டின் பின்புறத்திலிருந்து சமையலறைக்குள் வந்தது இந்தத் தொட்டியின் வழியாகத்தான். இதற்கு வேண்டிய இரும்பும் குரோமியமும் இந்த வட்டாரத்தின் மண்ணிலேயே உள்ளன. துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்யும் பொதுத்துறை ஆலையும் சேலத்திலேயே உள்ளது. தொட்டியில் வெள்ளையாகப் படியும் உப்புக் கறைக்கும் இதே நிலத்தடி நீரே காரணம். ஆகவே சிங்க் துலக்குவது என்னும் சிறிய வீட்டு வேலைக்குப் பின்னால் உலோகம், நீர், பெண்களின் உழைப்பு ஆகிய மூன்றின் வரலாறும் உண்டு.

பெயர்

துருப்பிடிக்காத எஃகைத் தமிழ்நாட்டு மக்கள் 'எவர்சில்வர்' என்கின்றனர். என்றும் வெள்ளிபோல் இருப்பது என்ற பொருளில் வணிக வழக்கிலிருந்து வந்த சொல் இது. 'சில்வர் பாத்திரம்', 'சில்வர் குடம்' என்று சுருக்கியும் சொல்வர். அரசு ஆவணங்களிலும் பாடநூல்களிலும் 'துருப்பிடிக்காத எஃகு', 'துருவேறா எஃகு' ஆகிய சொற்கள் காணப்படுகின்றன. கொங்கு வழக்கில் பாத்திரத்துக்கு 'ஏனம்' என்ற சொல்லும், வீட்டின் பின்புறத்துக்குப் 'பொடக்காலி' என்ற சொல்லும் உண்டு. கழுவுதொட்டிக்கு மட்டும் 'சிங்க்' என்ற ஆங்கிலச் சொல்லே நிலைத்துவிட்டது. பழைய வீட்டில் அதற்கு இணையான பொருள் இல்லாததே இதற்குக் காரணம்.

பொடக்காலிக் காலம்

எவர்சில்வர் பரவும் முன்பு இந்த வட்டாரத்து வீடுகளில் மண்சட்டி, மாக்கல்லைக் குடைந்து செய்த கல்சட்டி, இரும்புச் சட்டி, பித்தளை அண்டா, செம்புக் குடம், வெண்கலப் பானை ஆகியவை புழங்கின. ஒவ்வொன்றையும் துலக்கும் முறை வேறு. மண்சட்டியும் கல்சட்டியும் நீரையும் எண்ணெயையும் ஈர்ப்பவை. அவற்றை நாரால் தேய்த்து வெயிலில் காயவைத்தனர். இரும்புச் சட்டியைக் கழுவியவுடன் துடைத்து எண்ணெய் தடவி வைத்தனர். பித்தளைக்கும் செம்புக்கும் புளி தேவைப்பட்டது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் மேல் படியும் கருமையைக் கரைத்து எடுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக அடுப்புச் சாம்பல் பயன்பட்டது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உள்ளது. நீரில் அது காரத்தன்மை பெற்று எண்ணெய்ப் பசையை அகற்றுகிறது. சாம்பலின் நுண்துகள்கள் ஒட்டியதைச் சுரண்டி எடுக்கின்றன. தேங்காய் நாரும் வைக்கோலும் தேய்ப்பானாகப் பயன்பட்டன. கழுவிய நீர் பொடக்காலியில் இருந்த வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் பாய்ந்தது.

பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்போ ரசமோ வைத்தால் செம்பு கரைந்து உணவில் கலக்கும். அதைத் தடுக்க உட்புறம் ஈயம் பூசினர். ஈயம் என்று வழங்கினாலும் பூசப்பட்டது வெள்ளீயமே. ஈயம் பூசுபவர் துருத்தியுடன் தெருவில் வந்து பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, துணியால் ஈயத்தைப் பரப்புவார். பூச்சு தேய்ந்தால் மீண்டும் பூச வேண்டும். தரையில் குந்தி அமர்ந்து, நாள்தோறும் புளியும் சாம்பலும் கொண்டு கனத்த பாத்திரங்களைத் தேய்ப்பது வீட்டுப் பெண்களின் வேலையாகவே இருந்தது. வசதியான வீடுகளில் அது வேலைக்கு வந்த பெண்களின் மேல் விழுந்தது. எவர்சில்வர் விரைவில் ஏற்கப்பட்டதற்கு அதன் பளபளப்பு மட்டும் காரணமன்று; புளியும் ஈயப்பூச்சும் தேவைப்படாததும் எடை குறைவாக இருந்ததும் காரணங்கள்.

மண்ணில் இருந்த உலோகங்கள்

சேலத்துக்கு மேற்கே உள்ள கஞ்சமலை மேக்னடைட் என்னும் இரும்புத் தாது நிறைந்தது. மேட்டூர் அருகே தெலுங்கனூர், மாங்காடு ஆகிய இடங்களில் இரும்புக்கால ஈமச்சின்னங்களிலிருந்து வாள்கள் கிடைத்துள்ளன. சிறிய மண் உலைகளில் கரியிட்டு இரும்பு உருக்கும் தொழில் இந்த வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சேலம் அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், இந்தத் தாதை நம்பி 1830ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். ஆலைக்குத் தேவைப்பட்ட கரிக்காகக் காடுகள் அழிந்தன, செலவும் கூடியது, நிறுவனம் நிலைக்கவில்லை. இங்கிலாந்து திரும்பிய ஹீத், மாங்கனீசு சேர்த்து வார்ப்பு எஃகின் தரத்தை உயர்த்தும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு நகரத்து எஃகு முதலாளிகள் அம்முறையால் பெருலாபம் அடைந்தனர். ஹீத் அதற்காக நீண்ட வழக்கு நடத்தி 1851இல் இறந்தார்.

சேலம் நகரின் வடக்கே, கருப்பூரை ஒட்டிய வெள்ளைக்கல் குன்றுகள் மேக்னசைட் தாதுக்குப் பெயர் பெற்றவை. அங்கே குரோமைட் தாதும் சிறிதளவு உண்டு. ஹீத்தின் நிறுவனம் அதையும் தோண்டியது. அந்நாளில் குரோமியத்துக்குச் சாயமும் வண்ணமும் செய்வதே முக்கியப் பயன். எஃகைத் துருவிலிருந்து காக்கும் அதன் ஆற்றல் அறியப்படவில்லை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குரோமைட் படிவு உள்ளது. அதில் இரும்பும் அலுமினியமும் மிகுதி என்பதால் எஃகுத் தொழிலுக்கு அது ஏற்றதாகவில்லை. அதே பகுதியின் அனார்த்தசைட் பாறை நிலவின் பாறையை ஒத்திருப்பதால், சந்திரயான்-2 திட்டத்தின் சோதனைகளுக்கான செயற்கை நிலவுமண் செய்ய இஸ்ரோ அதைப் பயன்படுத்தியது. இந்தியாவின் எஃகு ஆலைகளுக்கான குரோமைட் பெரும்பாலும் ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது.

துருப்பிடிக்காத எஃகு

1913இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்னும் உலோகவியலாளர், துப்பாக்கிக் குழல்கள் விரைவில் தேய்வதைத் தடுக்கும் வழியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் சேர்த்த எஃகு அமிலங்களுக்கு எளிதில் கரையாததை அவர் கவனித்தார். வினிகர், எலுமிச்சைச் சாறு போன்ற உணவுப் பொருள்களாலும் அது கறைபடவில்லை. ஷெஃபீல்டு கத்தி, கரண்டி செய்யும் நகரம் என்பதால், அதன் பயன் சமையலறையில் இருப்பதை அவர் கண்டார். இதே காலத்தில் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் குருப் நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்டு மௌரர், பென்னோ ஸ்ட்ராஸ் ஆகியோர் குரோமியத்துடன் நிக்கலும் சேர்த்த எஃகை உருவாக்கினர். 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட கலவை 1924இல் ஷெஃபீல்டில் டபிள்யூ. எச். ஹாட்ஃபீல்டால் உருவாக்கப்பட்டது. இன்று 304 என்ற எண்ணால் குறிக்கப்படும் தரம் அதன் வழிவந்தது. நல்ல சிங்க்குகள் இந்தத் தரத்தில் செய்யப்படுகின்றன.

எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்றை உண்டாக்கும். இதன் தடிமன் சில நானோமீட்டர் மட்டுமே, கண்ணுக்குத் தெரியாது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டவுடன் படலம் தானாகவே மீண்டும் உருவாகும். எஃகைக் காப்பது இந்தப் படலமே. எனவே சிங்க் துலக்குவதில் உள்ள எல்லா விதிகளும், இந்தப் படலம் காற்றைப் பெறும்படி வைத்திருப்பது, அதைச் சிதைக்கும் பொருளை அண்டவிடாமல் இருப்பது என்ற இரண்டில் அடங்கும்.

அலுமினியமும் எவர்சில்வரும்

பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் இடையில் அலுமினியப் பாத்திரத்தின் காலம் ஒன்று இருந்தது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் கிடைத்த பாக்சைட் தாதையும் மேட்டூர் மின்சாரத்தையும் கொண்டு, மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் 1965இல் உற்பத்தி தொடங்கியது. விலை குறைந்த அலுமினியம் ஏழை வீடுகளிலும் உணவுக் கடைகளிலும் பரவியது. சோடா பட்டால் கறுத்துப்போவது அதன் குறை.

எவர்சில்வர் முதலில் சீர்வரிசையிலும் மொய்ப் பொருளாகவும் வீட்டுக்குள் நுழைந்தது. பழைய துணிக்கும் சரிகைப் புடவைக்கும் பாத்திரம் கொடுக்கும் தெரு வியாபாரிகள் அதைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றனர். பாத்திரத்தின் விளிம்பில் கொடுத்தவர் பெயரும் நாளும் வெட்டுவது வழக்கமாயிற்று. தேய்த்தாலும் அழியாத பரப்பு என்பதால் அந்த எழுத்துகள் இரண்டு தலைமுறை கடந்தும் படிக்கக் கிடைக்கின்றன.

சேலம் உருக்காலை

கஞ்சமலைத் தாதைக் கொண்டு எஃகு ஆலை அமைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் நீண்டகாலக் கோரிக்கை. 1967இல் சி. என். அண்ணாதுரை தலைமையிலான மாநில அரசின் காலத்தில், சேலம் ஆலை, சேதுக் கால்வாய் ஆகியவற்றை வலியுறுத்தி 'எழுச்சி நாள்' கடைப்பிடிக்கப்பட்டது. 1970 ஏப்ரலில் பிரதமர் இந்திரா காந்தி, சேலம், விசாகப்பட்டினம், விஜயநகரம் ஆகிய மூன்று இடங்களில் எஃகு ஆலைகள் அமையும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சேலத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. அப்போது மு. கருணாநிதி முதலமைச்சர். கஞ்சமலை அடிவாரத்தில் விவசாயிகளின் நிலம் ஆலைக்காகக் கையகப்படுத்தப்பட்டது.

தாதிலிருந்து எஃகு வரை எல்லாவற்றையும் செய்யும் ஆலை என்ற முதல் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. வெளியிலிருந்து வரும் எஃகுச் சுருள்களைக் குளிர்நிலையில் உருட்டித் துருப்பிடிக்காத மெல்லிய தகடாக்கும் ஆலையாக அது 1981-82இல் இயங்கத் தொடங்கியது. 1990களில் நாணயங்களுக்கும் பாத்திரங்களுக்கும் வில்லை வெட்டும் பிரிவும், வெந்நிலையில் உருட்டும் ஆலையும் சேர்ந்தன. 2010இல் எஃகு உருக்கும் பிரிவு அமைந்தது. கஞ்சமலையின் தாது மட்டும் மலையிலேயே உள்ளது. 'சேலம் ஸ்டெயின்லெஸ்' என்ற பெயர் நாடெங்கும் பாத்திரக் கடைகளில் தரத்தின் அடையாளமாக அறியப்பட்டது. ஆலையைத் தனியாருக்கு விற்கும் முயற்சியை எதிர்த்துத் தொழிலாளர்கள் நீண்ட போராட்டங்கள் நடத்தினர்.

தரையிலிருந்து மேடைக்கு

நின்றுகொண்டே சமைத்துக் கழுவும் சமையலறை 20ஆம் நூற்றாண்டில் உருவான வடிவம். 1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறை இதற்கு முன்னோடி. பெண்ணின் நடையையும் குனிதலையும் குறைப்பதே அதன் நோக்கம்.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இந்த மாற்றம் கான்கிரீட் வீடு, எரிவாயு அடுப்பு, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுடன் வந்தது. விறகடுப்புப் போனதால் சாம்பலும் போயிற்று. அதன் இடத்தைத் துலக்கும் பொடியும், பின்னர் சோப்புக் கட்டியும் திரவமும் பிடித்தன. முதலில் சிமெண்டுத் தொட்டியும் மொசைக் தொட்டியும் கட்டினர். அவற்றின் மூலைகளில் பாசி பிடித்தது. கைதவறி விழுந்த பாத்திரம் நசுங்கியது. எவர்சில்வர் சிங்க் இரண்டு குறைகளையும் தீர்த்தது. இடுப்புவலி குறைந்தது. ஆனால் பாத்திரம் துலக்குபவர் யார் என்பது பெரும்பாலான வீடுகளில் மாறவில்லை. மேலும் ஒரு வேலை கூடியது. பொடக்காலித் தரையை யாரும் தேய்த்துப் பளபளப்பாக்கியதில்லை. சிங்க்கையோ துலக்க வேண்டியிருந்தது.

நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர்

1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் காவிரி நீர் சேலம் நகருக்கும் பல ஊர்களுக்கும் குடிநீராக வருகிறது. அது நாள்தவறாமல் எல்லா வீட்டுக்கும் போதிய அளவில் கிடைப்பதில்லை. எனவே குடிக்கவும் சமைக்கவும் 'நல்ல தண்ணீர்', துலக்கவும் குளிக்கவும் ஆழ்துளைக் கிணற்றின் 'உப்புத் தண்ணீர்' என்ற பகுப்பு வீடுகளில் நிலைத்துவிட்டது. நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு இந்தியா முழுவதும் பெயர் பெற்ற ஊர். கடும்பாறை நிலத்தில் பல நூறு அடி ஆழத்திலிருந்து எடுக்கப்படும் நீரில், பாறையிலிருந்து கரைந்த கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருக்கும்.

இந்தக் கடின நீர் சிங்க்கில் நின்று காயும்போது சுண்ணாம்புபோன்ற வெள்ளைப் படிவு உண்டாகிறது. சோப்பு கடின நீரில் நுரைக்காமல் பிசுபிசுப்பான திரையாக மாறி, இந்தப் படிவின் மேல் ஒட்டுகிறது. அதன்மேல் எண்ணெயும் மஞ்சளும் தேநீர்க் கறையும் சேர்கின்றன. சிங்க் மங்கித் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் எஃகு கெட்டுப்போனதன்று. அதன்மேல் அடுக்கடுக்காகப் படிந்த நீரின் உப்பே.

ஆழ்ந்து துலக்கும் முறை

அடுக்குகளாகப் படிந்த அழுக்கை அதே வரிசையில் நீக்க வேண்டும். முதலில் சிங்க்கில் உள்ள பாத்திரங்களையும் சல்லடையில் தங்கிய பருக்கைகளையும் அகற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவுவர். அடுத்து, துலக்கும் திரவம் அல்லது ஈரத்தில் குழைத்த ஆப்பசோடாவை மென்மையான நாரில் எடுத்துத் தேய்ப்பர். ஆப்பசோடா மென்காரம், எண்ணெய்ப் பசையை இளக்கும், எஃகைக் கீறாது. தகட்டில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அவற்றின் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல்கள் தெரியும். அவற்றில் அழுக்கு தங்கும்.

பசை நீங்கிய பின்பே உப்புப் படிவு வெளிப்படும். எலுமிச்சைச் சாற்றையோ நீர் கலந்த வினிகரையோ துணியில் நனைத்து, படிவின்மேல் சுமார் 10 நிமிடம் போர்த்தி வைத்தால் அது கரையும். குழாயின் அடியும், சல்லடையைச் சுற்றிய வளையமும், மேடையுடன் சிங்க் சேரும் விளிம்பும் அதிகம் படியும் இடங்கள். பழைய பல்துலக்கி அவற்றுக்கு ஏற்றது. பின்னர் நிறைய நீரால் கழுவி, இறுதியில் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் புழங்கும் வீட்டில் இந்தக் கடைசிச் செயலே முதன்மையானது. துடைக்காமல் விட்டால் காயும் ஒவ்வொரு துளியும் புதிய படிவாகும்.

துர்நாற்றம் பெரும்பாலும் தொட்டியிலிருந்து வருவதன்று. அடியில் வளைந்திருக்கும் குழாயில் தங்கிய எண்ணெயிலிருந்து வருகிறது. அந்த வளைவில் எப்போதும் நிற்கும் நீர், சாக்கடையின் வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது கீழே வாளி வைப்பர்.

தவறான வழக்கங்கள்

ஆப்பசோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து ஊற்றும் முறை பரவலாகச் சொல்லப்படுகிறது. கலக்கும்போது பொங்குவது கரியமில வாயு. காரமும் அமிலமும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்வதால் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புநீரே. இரண்டையும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்துவதே பயன் தரும்.

இரும்புக் கம்பி நாரால் தேய்த்தால் அதன் நுண்துகள்கள் எஃகில் பதிந்து துருப்பிடிக்கும். சிங்க்கில் தெரியும் பழுப்புப் புள்ளிகள் பலவும் இப்படிப் பதிந்த இரும்பின் துருவே. பிளீச்சிங் பவுடரும் குளோரின் திரவமும் இன்னும் தீங்கானவை. அவற்றிலுள்ள குளோரைடு, குரோமியப் படலத்தைத் துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். ஈரக் கல்லுப்பை இரவு முழுவதும் சிங்க்கில் விட்டாலும் இதுவே நேரும். கழிப்பறை அமிலத்தை ஊற்றினால் பளபளப்பு நிரந்தரமாகக் கெடும். அந்த அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். காற்றோட்டம் குறைந்த சமையலறையில் அது மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் பாதித்து, உயிருக்கே ஆபத்தாகலாம். எச்சூழலிலும் அவ்விரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தக் கூடாது.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஃகு என்ற நம்பிக்கையும் முழுமையானதன்று. விலையுயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் 200 வரிசை எஃகும் காந்தத்தில் பொதுவாக ஒட்டாது. இந்தியாவில் பாத்திரங்களுக்குப் பரவலாகப் பயன்படும் இந்த வகை, 304ஐவிட எளிதில் துருப்பிடிக்கும். தரத்தை அறிய, சிங்க்கில் பொறித்த எண்ணும் விலைச்சீட்டும் காந்தத்தைவிட நம்பத்தக்கவை.

கழுவிய நீர்

பொடக்காலியில் கீரைக்குப் பாய்ந்த நீர் இன்று குழாய் வழியாகச் சாக்கடைக்குச் செல்கிறது. சேர்வராயன் மலைப்பகுதியில் தோன்றிச் சேலம் நகர் வழியாக ஓடும் திருமணிமுத்தாறு, வீடுகளின் கழிவுநீரையும் சாயக் கழிவையும் சுமந்து நாமக்கல் மாவட்டத்துக்குள் நுழைந்து காவிரியில் கலக்கிறது. ஆற்றின் கரையில் உள்ள கிணறுகளும் பாசனமும் இதனால் கெட்டுள்ளன. சோப்பு, எண்ணெய், அமிலம் ஆகியவை சிங்க்கின் துளையோடு மறைந்துவிடுவதில்லை. அவை கீழ்ப்புறத்து ஊர்களின் நீரில் மீண்டும் தெரிகின்றன.

கழிக்கும் எண்ணெயைத் தாளில் துடைத்துக் குப்பையில் சேர்ப்பது, துலக்கும் பொருளை அளவோடு பயன்படுத்துவது, கடைசியாக அலசும் நீரை வாளியில் பிடித்து வாசல் தெளிக்கவோ செடிக்கு ஊற்றவோ வைப்பது ஆகியவை பல வீடுகளில் இன்றும் தொடர்கின்றன. தண்ணீர் லாரியை எதிர்பார்த்திருக்கும் கோடை மாதங்களில் இப்பழக்கம் கூடுதலாகக் காணப்படுகிறது.